வண்டிக்குப் பின்னால் நூற்றைம்பது கிலோ

அந்தக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ஒரே பெண்ணுக்கு வயது நாற்பத்தொன்று. டிரைவரம்மா என்றால் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். வண்டியின் இரும்புக் கைகள் இரண்டையும் பலகைக்கு அடியில் நுழைத்து, குளிர்சாதனப் பெட்டிகளை அலுங்காமல் மூன்றாம் அடுக்கில் வைப்பார். பதினோரு வருடம் இப்படி ஓட்டிய பிறகு, இவருக்கு ஓட்டத் தெரியுமா என்று எங்கோ ஒரு நாற்காலிக்குச் சந்தேகம் வந்தது. விதி பிறந்தது: ஓட்டுநர்கள் எல்லோரும் அடிப்படை இயற்பியலில் தேற வேண்டும். மூன்று வாய்ப்பு. மூன்றும் போனால், பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் மேசை.

டேப் மேசையில் ஒன்பது மணி நேரம் நிற்க வேண்டும். அவருடைய இடது முழங்கால் ஒன்பது நிமிடத்துக்கே முறைத்துக்கொள்ளும்.

இரண்டு வாய்ப்பு போய்விட்டது. இரண்டையும் கவிழ்த்தது சீசா பலகைதான். ஒரு முனையில் இருபது கிலோ குழந்தை, மறுமுனையில் முப்பது கிலோ குழந்தை. பலகை சமமாக நிற்க என்ன செய்யலாம்? முதல்முறை, ‘பெரிய குழந்தையை இறக்கிவிட வேண்டும்’ என்று எழுதினார். இரண்டாம் முறை நன்றாக யோசித்து, ‘பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும்’ என்று எழுதினார். பெற்றவள் என்ற முறையில் இரண்டும் சரி. பெற்றவளுக்கு மதிப்பெண் கிடையாது.

மூன்றாவது தேர்வு வெள்ளிக்கிழமை, வாய்மொழியாக. புதன் மாலை அவர் ஒரு வீட்டு அழைப்பு மணியை அழுத்தினார். அது நாத்தனார் வீடு. கணவரின் தங்கை, பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. இருவருக்கும் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. ‘உனக்குப் பாடம் நடத்தத்தான் தெரியும், ஒரு பாத்திரம் கழுவத் தெரியாது’ என்று இவர் சொன்னதோடு நின்ற பேச்சு அது.

கதவு ஒரு சாண் திறந்தது.

“வாங்க அண்ணி. வழி தவறி வந்துட்டீங்களா?”

“பாடம் புரியல.”

“பாத்திரம் கழுவத் தெரியாதவகிட்டயா?”

“பாத்திரத்துக்கு நான் இருக்கேன். பாடத்துக்கு யாரும் இல்ல.”

கதவு இன்னொரு சாண் திறந்தது.

நாத்தனார் சீசா வரைந்தார். இவர் குழந்தைகளுக்காகக் கவலைப்பட்டார். முக்கால் மணி நேரம் வீண். நாத்தனாருக்கு மூக்கு சிவந்தது.

“குழந்தைங்கள விடுங்க அண்ணி. உங்க வண்டி எப்ப குப்புறச் சாயும்?”

“லோடு ஜாஸ்தியானா பின்சக்கரம் எழும்பும். திரும்புறதே பின்சக்கரம்தானே, அப்புறம் வண்டி சொன்ன பேச்சு கேக்காது.”

“அப்ப என்ன பண்ணுவீங்க?”

“யானைக்குட்டியையும் ஒட்டடைக்குச்சியையும் பின்னாடி ஏறி உக்காரச் சொல்லுவோம்.”

நாத்தனாரின் பேனா நின்றது. இரண்டு பேரும் சுமை ஏற்றுபவர்கள் என்றும், தொண்ணூற்றெட்டு கிலோவும் ஐம்பத்திரண்டு கிலோவும் என்றும் விளக்கம் வந்தது.

“அடப்பாவிகளா! சரி, கேளுங்க. முன்சக்கர அச்சுதான் உங்க சீசாவோட நடு. எடையை அங்கிருந்து இருக்கிற தூரத்தால பெருக்கினா திருப்புத்திறன். வண்டி மூவாயிரம் கிலோ, அதோட எடை அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னாடி. முன்னாடி ஒரு மீட்டர்ல மூவாயிரத்து முந்நூறு கிலோ லோடு. எவ்வளவு ஜாஸ்தி?”

“முந்நூறு.”

“ரெண்டு மீட்டர் பின்னாடி ஆள் உக்காந்தா?”

“பாதி போதும். நூத்தைம்பது… ஏய், ரெண்டு பேரும் சேர்ந்தா சரியா அதுதான்!”

“சரியா அதுன்னா பின்சக்கரத்துல பாரமே இல்லன்னு அர்த்தம். ஒருத்தன் தும்மினா போச்சு. இனிமே இதைச் செய்யாதீங்க. லோடை இறக்கணும், அதுதான் பதில்.”

வெள்ளிக்கிழமை காலை கிடங்கு மேனேஜர் படிக்கட்டில் வழிமறித்தார். “உள்ள நடக்கிறது உள்ளயே இருக்கட்டும்மா. புரியுதா?” புரிந்தது. தேர்வு நடந்தது மாடி அலுவலகத்தில். கண்ணாடி ஜன்னல் வழியே கிடங்கு முழுக்கத் தெரியும். தலைமை அலுவலகத்திலிருந்து கேள்வி கேட்க வந்த தேர்வாளருக்குப் பக்கத்து நாற்காலியில், யாரும் கூப்பிடாமலே, மேனேஜர்.

முதல் இரண்டு கேள்விகள் எப்படியோ கடந்தன. மூன்றாவதற்குத் தேர்வாளர் அதே மூவாயிரம் கிலோ வண்டியை எடுத்தார். லோடு மட்டும் மூவாயிரத்து இருநூறு. “ரெண்டு மீட்டர் பின்னாடி எவ்வளவு எடை இருந்தா சமமாகும்?”

“நூறு கிலோ சார். யானைக்குட்டி ரெண்டு கிலோ குறைவான்.”

சொன்ன பிறகுதான் வாய் மூடியது.

“யாரு?” என்றார் தேர்வாளர்.

மேனேஜர் இருமினார். பொய் சொல்லிப் பிடிபட்டால் டேப் மேசை. உண்மை சொன்னாலும் மேனேஜர் தயவில் அதே டேப் மேசை. அதற்குள் கீழே ஹாரன் அடித்தது. தேர்வாளர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

இவர் தேர்வில் இருந்தாலும் வேலை நிற்குமா? இன்னும் தேர்வே எழுதாத மாற்று ஓட்டுநர் ஒரு பெரிய இயந்திரப் பெட்டியை நெஞ்சு உயரத்துக்குத் தூக்கியிருந்தார். வண்டியின் பின்னால், நேர்ந்துவிட்ட ஆடுகள்போல, இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒட்டடைக்குச்சி நிமிர்ந்து ஜன்னலில் தேர்வாளரின் கழுத்து டையைப் பார்த்தான். யானைக்குட்டியின் விலாவில் இடித்தான். அகப்பட்டுக்கொண்டவர்கள் செய்வதையே இருவரும் செய்யப்போனார்கள்: குதித்து ஓட ஒரு காலைத் தொங்கவிட்டார்கள்.

டிரைவரம்மா தேர்வாளரை இடித்துத் தள்ளிக்கொண்டு ஜன்னலைத் திறந்தார்.

“டேய், குதிக்காதீங்கடா! அப்படியே உக்காருங்க! அண்ணே, லோடை இறக்குங்க! மெதுவா! முதல்ல லோடு!”

தொங்கிய கால்கள் அந்தரத்தில் நின்றன. வண்டியின் பின்புறம் ஒரு விரல் அளவு மேலே மிதந்துகொண்டிருந்தது. பெட்டி அங்குலம் அங்குலமாக இறங்கித் தரையைத் தொட்டது. பின்சக்கரம் ‘தொப்’ என்று உட்கார்ந்தது. அதோடு மேனேஜரும் உட்கார்ந்தார்.

“குதிச்சிருந்தா?” என்றார் தேர்வாளர்.

“பின்பக்கத் திருப்புத்திறன் போயிரும் சார். வண்டி மூக்குல நின்னுருக்கும். அண்ணன் பெட்டி மேல விழுந்திருப்பாரு.”

தேர்வாளர் சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். பிறகு கீழே போய் வண்டிச் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். விசாரணை முடிந்து, பாரத்துக்கேற்ற பெரிய வண்டி வரும்வரை யாரும் ஓட்டக் கூடாது.

மதியம் நாத்தனாரிடமிருந்து போன்.

“அண்ணி, பாஸா?”

“பாஸ்.”

“வண்டியிலயா இருக்கீங்க?”

“டேப் மேசையில. பெரிய வண்டி வர பத்து நாளாகுமாம். வந்தா சாவி என்கிட்டதான், சான்றிதழ் இருக்கிற ஒரே ஆளு நான்.”

“மேனேஜர் கடிச்சுக் குதறியிருப்பாரே?”

“பேச நேரமில்ல அவருக்கு. விசாரணை முடியுறவரைக்கும்னு பக்கத்து மேசையில நிக்க வெச்சிருக்காங்க. கோணலா ஒட்டுறாரு.”