பதில் வராவிட்டால் எதிரி

பிற்காலத்தில் யாராவது "ரேடார்!" என்று கூப்பிட்டால் தம்பிராஜா திரும்பிப் பார்க்கமாட்டான். கூப்பிட்டவர் மறுபடியும் கூப்பிடுவார், "காது செவிடாப் போச்சா?" என்பார். அப்போதும் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்க்கொண்டே இருப்பான். காஜா பேராங்குக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் அவனைத் திமிர் பிடித்தவன் என்றார்கள். திமிரும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அந்தப் பெயரைக் கேட்டாலே அவனுக்கு உடம்பு கூசும். ஆனால் அதே பெயரைச் சம்பாதிக்க ஒரு காலத்தில் அவன் போட்ட ஆட்டம் இருக்கிறதே, அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

ஆள் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். பால்மரம் வெட்டும் கத்தி அவன் கைக்குப் படியவே இல்லை. சுதந்திரம் வந்த ஆண்டில் மலாக்கா டவுனுக்கு வந்து, காஜா பேராங்கில் செட்டிகள் கம்பம் என்ற குடியிருப்பை ஒட்டி ஒரு பலகை வீட்டில் குடியேறினான். கொஞ்சகாலம் ஒரு சாப்பாட்டுக் கடையில் மேசை துடைத்தான். பிறகு சுங்கை ஊடாங் பக்கம் கடலோரத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் முகாம் போட்டபோது, அங்கே கேன்டீனில் தேநீர் கலக்கும் வேலை கிடைத்தது. வேலை என்னவோ தேநீர் கலக்குவதுதான். நடை மட்டும் தளபதி நடை.

காது நீளம் அவனுக்கு. விமான எதிர்ப்புப் பீரங்கிக்காரர்கள் தேநீர் குடித்தபடி பேசுவதையெல்லாம் பொறுக்கிச் சேர்த்துக்கொள்வான். சாயங்காலம் காஜா பேராங்குக்குத் திரும்பியதும் நேரே கலியாணசுந்தரத்தின் மளிகைக் கடைப் பெஞ்சில் வந்து உட்கார்ந்து அவிழ்த்துவிடுவான். கடலுக்கு அந்தக் கரையில் இந்தோனேசியா நம்மோடு மல்லுக்கு நின்ற காலம் அது. கெசாங் ஆற்றங்கரையில் எதிரிச் சிப்பாய்கள் படகில் வந்திறங்கிப் பிடிபட்டதிலிருந்து ஊரில் எல்லாரையும் பயம் பிடித்திருந்தது. அந்தப் பயத்துக்குத் தம்பிராஜாவின் பேச்சு மருந்தாக இருந்தது.

"ஆகாயத்துல ஒரு பிளேன் வருதுன்னு வைங்க" என்று ஆரம்பிப்பான். "நம்ம பிளேனா, அவன் பிளேனான்னு கண்ணுக்குத் தெரியாது. கீழேருந்து ஒரு கேள்வி போகும். நம்ம பிளேன்ல இருக்கற பெட்டி தானாப் பதில் சொல்லும். அதுக்குப் பேரு ஐ.எஃப்.எஃப்."

"பதில் சொல்லலேன்னா?" என்று கேட்டார் கலியாணசுந்தரம். பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

"சொல்லலேன்னா எதிரி. வேற பேச்சே இல்ல. அடுத்தது எஸ்.ஏ.எம்.தான்! தரையிலேருந்து பாயற ராக்கெட்டு. சிங்கப்பூர்ல வெள்ளக்காரன் கொண்டாந்து நிறுத்தியிருக்கான். பிளேன் எந்தப் பக்கம் வளைஞ்சாலும் அதுவும் பின்னாடியே வளைஞ்சு போயி அடிக்கும்."

அடேயப்பா, என்ன விவரம்! ஆனால் அவன் ராக்கெட்டைக் கண்ணால் பார்த்ததே இல்லை. பார்த்ததெல்லாம் தார்ப்பாய் போட்டு மூடிய பீரங்கிகளும் எச்சில் கோப்பைகளும்தான். கேள்வி போகும், பதில் வந்தால் நண்பன் என்பதுவரைதான் அவன் காதில் விழுந்தது. பதில் வராவிட்டால் எதிரி என்ற மிச்சத்தை அவன் நாக்கே சேர்த்துக்கொண்டது. சொன்னதற்கு யாரும் சிரிக்கவில்லை, வாயைப் பிளந்தார்கள். அன்றிலிருந்து அவன் பெயர் ரேடார். ஆளுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த ஊரில் அவனுக்கு உறவு என்று சொல்லிக்கொள்ள ஒருவர்தான், பொன்னுதுரை. லோரியில் சாமான் ஏற்றி இறக்குகிறவர். இரத்த சொந்தம் இல்லை, ஆனாலும் அண்ணன்தான். தம்பிராஜா டவுனுக்கு வந்த புதிதில் படுக்க இடமும் பசியாற உணவும் கொடுத்தவர். ஒருமுறை சிமெண்டு மூட்டை சரிந்து பொன்னுதுரையின் இடது பாதம் நசுங்கியபோது, அவரை முதுகில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் தம்பிராஜா. அதற்குப்பின் அவர் இடது காலை லேசாக இழுத்துத்தான் நடந்தார். அந்தச் சத்தத்தை வைத்தே வாசலில் வருவது அண்ணன் என்று உள்ளேயிருந்து சொல்லிவிடுவான்.

ஊரில் காவல்குழு போட்டார்கள். கலியாணசுந்தரம் தலைவர், தம்பிராஜா வாத்தியார். கைக்கு ஒரு ரோத்தான் பிரம்பு, கழுத்தில் ஒரு விசில். ஆள் தெரியாமல் யார் வந்தாலும் முதலில் மலாயிலும் பிறகு தமிழிலும் கேட்கவேண்டும்: யார், கூட்டாளியா, எதிரியா? பதில் வராவிட்டால் அடி.

"தெரிஞ்ச ஆளா இருந்தா?" என்று கேட்டான் பலகை ஆலையில் வேலை பார்க்கும் தியாகு. கை ஓங்கினால் மாடு சாய்ந்துவிடும், அப்படிப்பட்ட உடம்பு அவனுக்கு.

"மிஷினுக்குத் தெரிஞ்சவன் தெரியாதவன் உண்டா? சட்டம்னா சட்டம்தான்" என்றான் தம்பிராஜா. எல்லாரும் தலையாட்டினார்கள்.

மாசி மகம் நெருங்கியது. துக்காங் எமாஸ் சடக்கிலுள்ள பிள்ளையார் கோயிலிலிருந்து ரதம் புறப்பட்டுச் செங் என்ற ஊரிலுள்ள கோயிலுக்குப் போகும் திருவிழா. ஒரு சாயங்காலம் தம்பிராஜாவின் மனைவி பாக்கியலட்சுமி சோறு போட்டபடியே சொன்னாள்: "பொன்னுதுரை அண்ணன் மௌன விரதமாம். செங்குல பால்குடம் எறக்கற வரைக்கும் யாருகிட்டயும் பேச மாட்டாராம். அஞ்சலை அண்ணிக்குக் கர்ப்பப்பை ஆப்பரேசன் நல்லபடியா முடிஞ்சதுக்கு நேர்த்திக்கடன்."

"ம்" என்றான் தம்பிராஜா. அன்று கேன்டீனில் புதிதாகப் பிடித்த ஒரு சொல்லை மறக்காமலிருக்க மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தான். அவள் சொன்னது இந்தக் காதில் நுழைந்து அந்தக் காது வழியாகப் போய்விட்டது.

மாசி மகத்தன்று விடியற்காலை தெருவில் பனி இறங்கியிருந்தது. காவல்குழுவில் மூன்று பேர் நின்றார்கள்: கலியாணசுந்தரம், தியாகு, தம்பிராஜா. சடக்கின் முனையில் ஓர் உருவம் வந்தது. தலைமேல் துண்டைப் போர்த்திக்கொண்டு, எதையோ மார்போடு அணைத்துப் பிடித்திருந்தது. உருண்டையாக, கனமான ஏதோ ஒன்று.

"குண்டு மாதிரி இருக்கேப்பா" என்றார் கலியாணசுந்தரம்.

தம்பிராஜா நெஞ்சை நிமிர்த்தி மலாயில் அதட்டினான். உருவம் நின்றது. ஓடவில்லை. தமிழில் கேட்டான். "யாரு? கூட்டாளியா, எதிரியா? பதில் சொல்லு!"

பதில் இல்லை. உருவம் மெல்ல அவர்களை நோக்கி நடந்து வந்தது. அப்போதுதான் தம்பிராஜாவின் காதில் அது விழுந்தது. ஒரு கால் அழுத்தமாக ஊன்ற, அடுத்த கால் தாரில் சரக்கென்று இழுபட்டது. ஊன்றியது, இழுபட்டது. அவனுக்குத் தெரிந்துவிட்டது. சத்தியமாகத் தெரிந்துவிட்டது. இதைப் பின்னால் அவன் எத்தனை விதமாகப் பூசி மெழுகிப் பார்த்தாலும், தெரிந்தது தெரிந்ததுதான்.

"என்ன ரேடார், பதில் வரலியே?" என்று கேட்டார் கலியாணசுந்தரம். தியாகு ரோத்தானை ஓங்கிக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தான்.

"நம்ம அண்ணன்தான்" என்று சொல்வதற்கு ஒரு மூச்சுப் போதும். ஆனால் தெரிந்தவன் தெரியாதவன் கிடையாது என்று மார்தட்டியது யார்? இப்போது போய் "பொறுங்க, எனக்குத் தெரிஞ்ச நடை மாதிரி இருக்கு" என்று இழுத்தால் நாளைக்குப் பெஞ்சில் சிரிப்பார்களே! அந்த அற்பச் சிரிப்புக்குப் பயந்தான் பாவி.

"பதில் இல்லேன்னா எதிரி" என்றான்.

தியாகுவின் அடி நெற்றியில் விழுந்தது. இன்னொன்று தோளில். அணைத்திருந்தது கைநழுவி உருண்டது. பித்தளைச் செம்பு. மாட்டுக்காரரிடம் போய் விடியலிலேயே கறந்து வாங்கிவந்த பால் சடக்கெங்கும் பரவியது. துண்டு விலகியது. பொன்னுதுரை ரத்தம் வழியும் முகத்தோடு மண்டியிட்டிருந்தார். வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். வலியில் முனகல் கூட வெளியே வந்துவிடக் கூடாதென்று தன் வாயைத் தானே பொத்திக்கொண்டிருந்தார். கண்கள் மட்டும் தம்பிராஜாவைப் பார்த்தன.

"ஐயோ, அண்ணே!" என்று ரோத்தானைத் தூக்கியெறிந்துவிட்டு அழுதான் தியாகு. அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது. கலியாணசுந்தரம் தன் வேட்டியைக் கிழித்துக் கட்டுப்போட்டார். தம்பிராஜா மட்டும் நட்ட கம்பம் போல நின்றான்.

"பனியில யாருக்கு என்ன தெரியும்?" என்று அவனைத்தான் தேற்றினார் கலியாணசுந்தரம். "நீ என்னப்பா பண்ணுவ? மனச விட்டுடாத." அதற்கு அவர் நாலு அறை விட்டிருக்கலாம். தேற்றலைக் கேட்கக் கேட்க அவன் கூனிக் குறுகிப் போனான்.

வீட்டில் பாக்கியலட்சுமி தேற்றவில்லை. "மௌனம்னு தலையில அடிச்ச மாதிரி சொன்னேனே, காதுல வாங்கினீங்களா? ரேடாராம் ரேடாரு! வீட்டுக்குள்ள பொண்டாட்டி சொல்றது கேக்காது, ஆகாயத்துல போறது கேக்குமாம்!" என்று பொரிந்து தள்ளினாள். அன்று லீவு எடுத்திருந்தும் அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். ஊர்க்காரர் முகத்தில் விழிக்காமல் தப்பிக்க அவனுக்கு வேறு போக்கிடம் இல்லை.

கேன்டீனில் பீரங்கிப் படையின் சார்ஜண்ட் ஒருவர் இருந்தார். செம்பட்டை மீசைக்காரர், சாந்தமானவர். அவருக்குத் தேநீர் வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தம்பிராஜா கேட்டான்: "சார், ஐ.எஃப்.எஃப்.ல பதில் வராத பிளேன் எதிரிதானே?" ஆமாம் என்று அவர் சொல்லிவிட்டால் போதும். பாதிப் பாரம் இறங்கிவிடும். அந்த ஒரு சொல்லுக்காக அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சார்ஜண்ட் தலையை ஆட்டினார். "இல்லையே. பதில் வராவிட்டால் அது யாரென்று தெரியவில்லை, அவ்வளவுதான். பெட்டி பழுதாகியிருக்கலாம். விமானி சுவிட்சைப் போட மறந்திருக்கலாம். அடிபட்டுத் திரும்பும் நம் ஆளாகவே இருக்கலாம். அந்தப் பெட்டிக்கு நண்பனை மட்டும்தான் காட்டத் தெரியும். எதிரி யாரென்று அது சொல்லாது. அதற்கு வேறு வழிகளில் விசாரிக்கவேண்டும், பொறுத்துப் பார்க்கவேண்டும். உனக்கு யார் இப்படிச் சொன்னது?"

தம்பிராஜாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. யார் சொன்னது! காலியான கோப்பைகளை அள்ளிக்கொண்டு உள்ளே போனான். கழுவின கோப்பைகளையே மறுபடியும் மறுபடியும் கழுவினான்.

சாயங்காலம் செங்குக்குப் போகாமல் இருக்கவும் முடியவில்லை. தெரிந்தே சொன்னேன் என்று அண்ணன் காலில் விழுந்துவிடலாம் என்று ஒரு மனம். அவர் பனியென்று நினைத்துக்கொண்டிருந்தால் அப்படியே விட்டுவிடலாமே என்று இன்னொரு மனம். தான் தெரிந்தே சொன்னது அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பதுதான் அவன் நெஞ்சை அறுத்தது. கோயிலில் தேங்காய் உடைக்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஓர் ஒட்டுக்கடையின் மறைவில் நின்றுகொண்டான்.

பொன்னுதுரை வந்தார். நெற்றியில் கட்டு. தலையில் பால்குடம். தியாகு எங்கேயோ அலைந்து வாங்கிவந்த புதுப் பால். அவன் அவருக்கு முன்னால் கூட்டத்தை விலக்கிக்கொண்டே வந்தான். அஞ்சலை பின்னால் வந்தாள். இடது கால் இழுபட்டுக்கொண்டே படியேறியது. பால் இறங்கியது. தீபாராதனை முடிந்ததும், பல நாள் பூட்டிக்கிடந்த வாயைத் திறந்து பொன்னுதுரை "அரோகரா" என்றார். தொண்டை கரகரத்தது. அஞ்சலை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவர் திரும்பி யாரையோ தேடினார். ஒட்டுக்கடைப் பக்கம் நேரே வந்தார். தம்பிராஜாவுக்கு ஓட இடமில்லை. கலியாணசுந்தரமும் தியாகுவும் பின்னாலேயே வந்து சேர்ந்துவிட்டார்கள்.

"தம்பி, காலையில ஒரு கேள்வி கேட்டியே" என்றார் பொன்னுதுரை. "பதில் சொல்ல முடியல. இப்பச் சொல்றேன். கூட்டாளிதான்பா."

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். "அண்ணன் பெரிய மனசுக்காரரு!" என்று தியாகு மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தான். கலியாணசுந்தரம் எல்லாருக்கும் பானகம் வாங்கப் போனார். சிரிப்பு நகர்ந்ததும் பொன்னுதுரை தம்பிராஜாவின் தோளில் கைபோட்டு அருகே இழுத்தார். சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. அது இருந்திருந்தாலாவது அவன் பிழைத்திருப்பான்.

"ரோத்தானும் கையுமா ஆளுங்களப் பாத்ததும் ஓடிடத்தான் நெனச்சேன்" என்றார் அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "அப்புறம் உன் கொரலு கேட்டுச்சு. நம்ம தம்பிதான் நிக்குறான், என் நடை அவனுக்குத் தெரியும்னு நம்பித்தான் ஓடாம கிட்ட வந்தேன். தெரிஞ்சிருக்குமே, தம்பி?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தார். தம்பிராஜாவிடமிருந்து பதில் வரவில்லை.