ஆட்டுக்கொட்டகைத் தகரத்தில் மூன்று பசைகள்

"ஏண்டி, ஒனக்கு ஒல வைக்கிற சோலி இல்லையா? எம் மக எந்தப் பசைய ஒட்டுனா ஒனக்கென்ன? வந்துட்டா காதத் தீட்டிக்கிட்டு!"

பக்கத்து வீட்டு மருமகளை இப்படி வைதேன். எங்கே எழுந்து போய்விடுவாளோ என்று பயந்து, உடனே கதையையும் ஆரம்பித்தேன்.

என் சின்ன மகள் புதுக்கோட்டையில் கார் சீட்டுக்கு உறை தைக்கிறவள். காருக்குள் குனிந்து குனிந்தே முதுகு போயிற்று. திருச்சிப் பக்கம் விமானத்தின் உட்புறத்தைச் சரிசெய்யும் பட்டறையில் வேலை கேட்டாள். மெல்லிய தகட்டில் ஸ்பாஞ்சும் அதன்மேல் துணியும் ஒட்டி ஒரு மாதிரி கொண்டுவரச் சொன்னார்கள். எந்தப் பசை என்பதை அவளே தேர்ந்தெடுக்க வேண்டும். ஏன் என்று கேட்டால் சொல்லவும் வேண்டும்.

மூன்று ஸ்ப்ரே டப்பா வாங்கி வந்தாள். அதில் ஒன்று, கார் கூரைத் துணிக்கு அவள் வழக்கமாக அடிப்பது. அதன்மேல்தான் அவளுக்கு உயிர். மூன்றிலும் ஒவ்வொரு மாதிரி ஒட்டி, என் மோர்மிளகாய் காயும் பலகையில் பரப்பிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

மிளகாயை என் தலையிலா காயவைப்பது? மூன்றையும் அள்ளி ஆட்டுக்கொட்டகைத் தகரத்தின் மேல் போட்டேன். சித்திரை வெயில். அந்தத் தகரத்தில் காக்கைகூட ஒற்றைக் காலில்தான் நிற்கும்.

சாயங்காலம் வந்தவள் அலறினாள். "என்னம்மா பண்ணி வச்சிருக்க? நாளைக்குக் கொண்டு போகணும்மா!"

"எம் பலகைய ஒன்ன யாருடி எடுக்கச் சொன்னா?"

அழுகிற முகத்தோடு இறக்கிப் பார்த்தாள். கார் பசை இளகி, துணி கிழட்டு மாட்டின் கழுத்துத் தோல் மாதிரி தொங்கியது. இரண்டாவது பசை ஸ்பாஞ்சையே தின்று குழி குழியாக்கியிருந்தது. மூன்றாவது மட்டும் அசையவில்லை. நகத்தால் நெம்பியும் வரவில்லை.

"வெயில்ல நிக்கிற பிளேனும் இப்பிடித்தாம்மா கொதிக்கும்" என்றாள். முகம் தெளிந்துவிட்டது. பிளேனுக்குள் தீ பரவக்கூடாதாம்; மூன்றாவதில் ஒரு கீற்றை வெட்டி அடுப்பில் காட்டினாள். பற்றியது, வெளியே எடுத்ததும் தானாக அணைந்தது. டப்பாவோடு வந்த தாளிலும் அப்படித்தான் போட்டிருந்ததாம். எனக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும், நம்பிக்கொண்டேன்.

விடிந்ததும் புதிதாக ஒட்ட உட்கார்ந்தாள். ஒட்டவேண்டிய இரண்டு பக்கமும் பசையை அடித்துவிட்டு உடனே அமுக்கப் போனாள்.

"பொறுடி! அதிரசப் பாகு பாக்குற மாதிரி தொட்டுப் பாரு. பசை வெரல்ல வரக்கூடாது, ஆனா வெரலப் புடிச்சு இழுக்கணும்."

"ஒனக்கு எல்லாமே பலகாரந்தான்" என்று சிரித்தாள். ஆனால் பொறுத்தாள். துணி ஒரு கொப்புளம் இல்லாமல் உட்கார்ந்தது.

கெட்டுப்போன இரண்டையும் கையோடு கொண்டுபோய்க் காட்டி, காரணம் சொல்லியிருக்கிறாள். எந்த லேப்பில் சோதித்தாய் என்று கேட்டார்களாம். "ஆட்டுக்கொட்டகையில சார்" என்றாளாம். சிரித்துவிட்டு, அடுத்த மாதமே வரச் சொல்லிவிட்டார்கள்.

தெருவே வந்து விசாரித்தது, என்ன வேலை என்று. "பிளேனுக்குள்ள செவரு ஒட்டுற வேல. இனிமே அதுல ஏறுனா கைய மடியில வச்சுக்கிட்டு உக்காருங்க. சும்மா இருக்கோம்னு செவத்த நோண்டாதீங்க, எம் மக வந்துதான் திரும்ப ஒட்டணும்" என்று சொல்லி அனுப்பினேன்.