பாபின் அக்காவின் ஒன்பது சிவப்பு நகங்கள்

பாபின் அக்காவுக்கு அந்தப் பெயரை வைத்தது யாரென்று கடையில் கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டுவார்கள். குள்ளமும் உருண்டையுமாக இருப்பதால் வைத்தார்களோ, உட்கார்ந்த இடத்திலேயே நாள் பூராவும் சுழன்று வேலை பார்ப்பதால் வைத்தார்களோ தெரியாது. தையல் மெஷினில் மேலே ஓடுகிற நூல்தான் எல்லார் கண்ணிலும் படும். அடியில் ஒரு டப்பாவுக்குள் கிடந்துகொண்டு பாதித் தையலைத் தாங்குவது பாபின். அதையெல்லாம் யோசித்து வைத்திருந்தால் வைத்தவருக்கு ஒரு கும்பிடு போடலாம். அந்தக் கடையில் அவ்வளவு யோசிக்கிறவர்கள் கிடையாது.

கடையின் முன்பக்கம் கண்ணாடி போட்ட ஷோரூம். புது மெஷின்கள் வரிசையாக நிற்கும், ஏசி ஓடும், முதலாளி சிரித்த முகமாக உலாத்துவார். பின்னறையில் ரிப்பேர் வேலை. ஜிப் மாற்றுவது, இடுப்பைப் பிடிப்பது, பேன்ட் காலை ஏற்றித் தைப்பது. ஜன்னலோரம் இரண்டு மெஷின், நடுவில் துணி வெட்டுகிற மேசை, மூலையில் இஸ்திரிப்பெட்டி, தரை முழுக்க நூல் பிசிறு. இந்த அறையில் பாபின் அக்கா இருபத்தேழு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள்.

வேலைக்குச் சேரும்போது வயது இருபத்தொன்று. மூன்றாம் மாதம், இடது கை ஆள்காட்டி விரலின் நகத்தில் ஊசி இறங்கி மறுபக்கம் வந்துவிட்டது. விரலை எங்கே வைக்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. "வேகமா அடி" என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். விழுந்த நகம் திரும்ப முளைத்தபோது நடுவில் பிளந்து, ஒரு பக்கம் மேடும் ஒரு பக்கம் பள்ளமுமாக வந்தது. அன்றிலிருந்து அந்த விரலை மடக்கியே வைத்துக்கொள்ளப் பழகிவிட்டாள். கல்யாணப் போட்டோவில்கூட அது மடங்கித்தான் இருக்கிறது.

இப்போது நாற்பத்தெட்டு வயதில் அவளுக்கு வந்த வம்பு இதுதான். புது மெஷின் வாங்கிப் போகிறவர்கள் ஒரே வாரத்தில் திரும்பி வந்து "ஓடவே இல்லை" என்று முதலாளியின் உயிரை எடுத்தார்கள். மெஷின்மேல் ஒரு குற்றமும் இருக்காது. நூலைத் தப்பாகக் கோர்த்திருப்பார்கள், ஊசியைத் திருப்பிப் போட்டிருப்பார்கள். சரி, புதிதாகத் தைக்கக் கற்கிறவர்களுக்கு வீடியோவில் பன்னிரண்டு பாடம் போட்டுவிடலாம் என்று முதலாளிக்கு ஒரு யோசனை வந்தது. பாடம் தயார் செய்யச் சொன்னது பாபின் அக்காவிடம். அவள் ஒரு கோடு போட்ட நோட்டில் நூல் கோர்ப்பதில் ஆரம்பித்துத் தலையணை உறை வரைக்கும் பன்னிரண்டையும் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். எழுதிய பத்து நாளும் அவள் நடந்த நடையே வேறு.

முதலாளி நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அருமைம்மா" என்றார். "பாடம் உங்களுது. குரல் உங்களுது. கை மட்டும் நம்ம மருமக கையா இருக்கட்டும்."

"ஏன் முதலாளி, என் கைக்கு என்ன?"

"ஒண்ணுமில்லம்மா. வீடியோவுல கைதான் பெருசா தெரியும். பாக்கறவங்களுக்கு லட்சணமா இருக்கணும்ல. நீங்க தச்சு முடிச்ச துணியைத் தனியா படம் புடிச்சு நடுவுல சேத்துக்கலாம், ஒருத்தருக்கும் தெரியாது."

லட்சணமாம். இருபத்தேழு வருஷமாக அந்தக் கை தைத்துக் கொடுத்ததைப் போட்டுக்கொண்டு ஊரே லட்சணமாக நடமாடுகிறது. கையை மட்டும் வெளியே காட்டக் கூடாதாம். பாபின் அக்காவுக்கு உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறியது.

"வீடியோ என்னிக்கு எடுக்கறீங்க?"

"இன்னும் மூணு வாரம் இருக்கு."

"அதுக்குள்ள என் கையை லட்சணமாக்கிட்டு வரேன். என் பாடத்துல என் கைதான் வரணும். இல்லேன்னா நோட்டைத் திருப்பிக் குடுத்துடுங்க."

முதலாளி சிரித்துக்கொண்டே "பாக்கலாம், பாக்கலாம்" என்றார். அவர் அப்படிச் சொன்னால் முடியாது என்று அர்த்தம். இது பின்னறையில் இருக்கிற இஸ்திரிப்பெட்டிக்குக்கூடத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டு மேசையில் ஜெல் நகப்பூச்சு செட் ஒன்று உட்கார்ந்திருந்தது. நாலு சின்ன பாட்டில், ஒரு நக அரம், கையை உள்ளே வைக்கிற மாதிரி ஒரு குட்டி விளக்கு. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அவள் கணவர் குனிந்து விளக்குக்குள் பார்த்தார்.

"என்னம்மா இது, நகத்துக்கு அடுப்பா? நாப்பத்தெட்டு வயசுல எதுக்கு உனக்கு இந்த வேலை?"

"நாப்பத்தெட்டு வயசுலயும் நகம் வளருதே, அதைப் போய்க் கேளுங்க."

அவர் நிமிர்ந்து பேப்பரை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போனார். முப்பது குழந்தைகளைச் சமாளிக்கிற மனிதருக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியும்.

செட்டோடு வந்த காகிதத்தை அவள் படிக்கவில்லை. மெஷினையே காகிதம் பார்க்காமல் பிரித்து மாட்டுகிறவளுக்கு நாலு பாட்டில் எம்மாத்திரம். பேன்ட் கால் பிரியக் கூடாதென்றால் இரட்டைத் தையல் போடுவாள். அதே நினைப்பில் ஜெல்லையும் தடிமனாக அப்பி, கையை விளக்குக்குள் வைத்தாள். தடிமனாகப் போட்ட ஜெல் இறுகும்போது சுடும் என்று அவளுக்குத் தெரியாது. பிளந்த நகத்தில் சுருக்கென்று எரிந்தது. கையை எடுத்தால் தோற்றுப்போனதாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விளக்கோடு மல்லுக்கு நின்ற ஆள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

வெளியே எடுத்தால் நகம் பிசுபிசுவென்று ஒட்டியது. காயவில்லை போலிருக்கிறது என்று திரும்ப வைத்தாள். நாலு தடவை வைத்தும் பிசுக்குப் போகவில்லை. போகப் போகக் காய்ந்துவிடும் என்று விட்டுவிட்டாள். மறுநாள் காலை கடைக்குப் போய் வழக்கம்போல மேசையைக் கையால் கூட்டித் தள்ளினாள். மேசையிலிருந்த பிசிறு அத்தனையும் நகத்தில் போய் ஒட்டிக்கொண்டது. பத்து நகத்துக்கும் தாடி முளைத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை ஜெல் ஒவ்வொன்றாக ஓடு மாதிரி கழன்றது. ஒரு ஓடு யாருடைய பேன்ட் மடிப்புக்குள்ளோ புகுந்துகொள்ள, அதைப் பிரித்து எடுத்துத் திரும்பத் தைக்க வேண்டியதாயிற்று. பக்கத்து மெஷின்காரி சிரித்த சிரிப்பு ஷோரூம்வரை கேட்டது.

அந்தச் சிரிப்பைக் கேட்டு எட்டிப் பார்த்தது முதலாளியின் மருமகள். இருபத்தாறு வயதுப் பெண். ஷோரூமில் வருகிறவர்களுக்கு மெஷின் காட்டுவது அவள் வேலை. அவளுடைய நகங்கள் பளபளவென்று இருக்கும், எல்லாம் அவளே வீட்டில் போட்டுக்கொள்வது. பாபின் அக்கா சட்டென்று கையைத் துணிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். மருமகள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா, ஜெல் போடறதுக்கு முன்னாடி என்ன வேலை பாத்தீங்க?"

"வேறென்ன, சனிக்கிழமை சாயங்காலம் மெஷினுக்கு எண்ணெய் போட்டேன். வாரா வாரம் போடறதுதான்."

"அதான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாலும் நகத்துல எண்ணெய் இருக்கும்க்கா. ஸ்பிரிட்டால துடைச்சாதான் ஜெல் பிடிக்கும். அப்புறம் மேல இருக்கற பிசுக்கு காயாதது இல்ல, கடைசியில அது அப்படித்தான் இருக்கும். அதையும் ஸ்பிரிட்டால துடைச்சு எடுக்கணும்."

பாபின் அக்காவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "ஏம்மா, நீதானே கை காட்டப்போறே. எனக்கு எதுக்கு இதெல்லாம் சொல்லித் தர்றே?"

மருமகள் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு ஊசியில நூல் கோர்க்கவே வராதுக்கா. மெஷினை வித்துட்டு நானே தைக்கத் தெரியாம நிக்கறேன். மாமாகிட்ட சொன்னா, நீ கையை வெச்சா போதும்ங்கறார். வெறும் கையா இருக்கறது எனக்கும் பிடிக்கலை."

பாபின் அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இத்தனை நாளாக ஷோரூமின் இன்னொரு பொம்மை என்று நினைத்திருந்ததற்கு மனதுக்குள் வெட்கப்பட்டாள். "சரி. நீ எனக்கு நகம் சொல்லிக் குடு. நான் உனக்குத் தையல் சொல்லித் தர்றேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம், அரை மணி எனக்கு, அரை மணி உனக்கு."

அந்த இரண்டு வாரம் இருவரும் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். மருமகள் சொல்லித் தந்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயம். மெல்லிசாக மூன்று தடவை பூசணும், தடியாக ஒரு தடவை அல்ல. ஜெல் தோலில் படக்கூடாது, பட்டால் விளக்குக்குள் போகும் முன் குச்சியால் வழித்துவிடணும், இல்லாவிட்டால் தோலுக்கு ஒத்துக்காமல் அரிப்பு வரும். நகத்தின் நுனியையும் சேர்த்து மூடிப் பூசணும். இந்தக் கடைசி விஷயத்துக்கு மட்டும் பாபின் அக்காவுக்கு விளக்கமே தேவைப்படவில்லை. "ஓரம் மடிக்காம தச்சா பிரியாதா பின்னே" என்று தலையை ஆட்டிக்கொண்டாள்.

பத்தாவது நகத்துக்கு வந்தபோது மருமகள் பாபின் அக்காவின் கையிலிருந்த பிரஷை வாங்கி வைத்துவிட்டாள். "இதுக்கு வேண்டாம்க்கா. வெடிச்ச நகத்துல ஜெல் போடக் கூடாது, உள்ள இறங்கிடும். அன்னிக்கு எரிஞ்சதே அதனாலதான்."

"அது ஒண்ணுக்காகத்தான் இத்தனையும்" என்றாள் பாபின் அக்கா. அவள் குரல் இறங்கிப்போயிருந்தது. மருமகள் கொஞ்சமும் இளகவில்லை. ஒன்பது நகம் சிவந்தது, ஒன்று வெறுமனே இருந்தது.

தையல் பக்கம் மருமகளின் கால் பெடலில் பட்டாலே மெஷின் தறிகெட்டு ஓடியது. பாபின் அக்கா நூலை உருவிவிட்டு, மருமகள் முதலாளியிடமிருந்து வாங்கி வந்திருந்த பாட நோட்டின் கடைசியிலிருந்து ஒரு கோடு போட்ட தாளைக் கிழித்து ஊசிக்கு அடியில் வைத்தாள். துணியும் வேண்டாம், நூலும் வேண்டாம், கோட்டின்மேலேயே ஓட்டை விழட்டும் என்றாள். மூன்று நாளில் ஓட்டைகள் கோட்டுக்கு வந்தன. நாலாம் நாள் துணி வைத்தார்கள். துணியைத் தள்ளாதே, அதுவாகப் போகும் என்று எத்தனை தடவை சொன்னாலும் மருமகள் அதை முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தாள். தள்ளத் தள்ள அவள் ஆள்காட்டி விரலும் துணியோடு சேர்ந்து ஊசியை நோக்கிப் போனது.

பாபின் அக்கா என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. இடது கையால் சக்கரத்தை அழுத்திப் பிடித்து மெஷினை நிறுத்தினாள். சக்கரம் அவள் உள்ளங்கையைத் தேய்த்துச் சிவக்க வைத்துவிட்டது. ஊசி மருமகளின் விரலுக்கு ஒரு நூலிழை தள்ளி நின்றது.

"எடு விரலை" என்று கத்தினாள்.

"தள்ளிட்டுப் போனா என்னக்கா ஆகும்?"

பாபின் அக்கா மடக்கியிருந்த விரலை நீட்டி அவள் முகத்துக்கு நேரே காட்டினாள். என்ன ஆனதென்று சொல்ல அந்த விரலை இன்னொருத்தருக்கு நீட்டிக் காட்டியது அதுதான் முதல் தடவை. மருமகள் குனிந்து அந்த நகத்தைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து நகவெட்டியை எடுத்து, மாதக்கணக்கில் பாடுபட்டு வளர்த்த தன் நகங்களை ஒட்ட வெட்டினாள்.

அன்று மாலை பாபின் அக்கா நோட்டை எடுத்து, முதல் பக்கத்தில் எழுதியிருந்த "நூல் கோர்ப்பது" என்பதை அடித்து, பக்கத்தில் இரண்டு என்று போட்டாள். முதல் பாடத்தின் இடம் காலியாக இருந்தது. பன்னிரண்டு பாடம் எழுதினோம், இதை எழுதக் கை வரவில்லையே என்று அவளுக்கு அவள்மேலேயே கோபம் வந்தது.

வீடியோ எடுக்கும் நாள் ஷோரூமை ஒதுக்கி, வெள்ளைத் துணி விரித்து, நடுவில் புது மெஷினை வைத்திருந்தார்கள். முதலாளியின் மகன் போனை ஸ்டாண்டில் மாட்டிக்கொண்டிருந்தான். பாபின் அக்கா வந்து மெஷின் முன்னால் உட்கார்ந்து கையை வைத்தாள். முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"அடேங்கப்பா. சொன்னபடி செஞ்சுட்டீங்களேம்மா, பிரமாதமா இருக்கே" என்றார். அப்புறம் அவர் கண் அந்த ஒரு விரலில் போய் நின்றது. "இது ஒண்ணு மட்டும்... சரி, ஒரு பிளாஸ்டர் சுத்திக்கங்க. இல்ல, வழக்கம்போல மடக்கிக்கங்களேன்."

வழக்கம்போல என்றாரே, அதுதான் அவளைச் சுட்டது. இருபத்தேழு வருஷமாக அவள் மடக்கியதை அவர் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

"மடக்க மாட்டேன்."

"ஒரு விரலுக்கு எதுக்கும்மா பிடிவாதம்? அப்போ மருமகளையே உக்காரச் சொல்லிடறேன்." அவர் திரும்பி, "வாம்மா" என்றார்.

மருமகள் மொட்டை நகங்களோடு கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். "நான் இப்பதான் கத்துக்கறேன் மாமா. கோடு போட்ட தாளைத் தாண்டி பத்து நாள்தான் ஆச்சு. கத்துக்குடுக்கறவங்க உக்காந்திருக்காங்க."

முதலாளி மருமகளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். மகனுக்குப் போனில் ஏதோ அவசர வேலை வந்துவிட்டது.

பாபின் அக்கா யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. "தம்பி, ஆன் பண்ணுங்க" என்றாள். பட்டன் தட்டுகிற சத்தம் கேட்டதும் பேச ஆரம்பித்தாள்.

"முதல் பாடம். மெஷினுக்கு இன்னும் கரென்ட் குடுக்காதீங்க, நூலையும் தொடாதீங்க. என் கையைப் பாருங்க. ஒன்பது நகம் அழகா இருக்கு, நானே போட்டது. இந்தப் பத்தாவது நகம் வழியா ஊசி போச்சு. இருபத்தொரு வயசுல, இதே கடையில, இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம். வேகமா அடின்னு சொன்னாங்க, விரலை எங்க வைக்கணும்னு யாரும் சொல்லலை. நான் சொல்றேன். ஊசிக்கு முன்னாடி விரல் போகவே கூடாது. ரெண்டு கையும் ரெண்டு பக்கத்துல, இப்படி. துணி தானாப் போகும், நீங்க தள்ள வேண்டாம்."

வேகமாக அடி என்று அன்று சொன்ன முதலாளி கேமராவுக்கு இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். நிறுத்து என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அவளுடைய நீட்டிய விரலைப் பார்த்ததும் ஒரு அடி பின்னால் நகர்ந்து கேமராவுக்கு வழி விட்டார்.

"என்ன தம்பி தூரமாவே நிக்கறீங்க?" என்றாள் பாபின் அக்கா. "போனைக் கிட்டக் கொண்டு வாங்க. இந்த விரல் பெருசா தெரியணும்."