வெள்ளையாகக் கிடக்கும் வவுனிக்குளம்

ரொறொன்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டல் மண்டபம். இலங்கையின் நன்னீர்ப் பூச்சிகளில் எவற்றை முதலில் காப்பாற்றுவது என்று தீர்மானிக்க, கொழும்பிலிருந்து என்னையும் வரவழைத்திருக்கிறார்கள். வெளியே பனி கொட்டுகிறது. ஒரு கொசுகூடப் பறக்காத குளிரில் உட்கார்ந்து தும்பிகளின் தலைவிதியை எழுதுகிறோம்.

திரையில் தீவின் வரைபடம் தெரிகிறது. பூச்சி பதிவான இடமெல்லாம் சிவப்புப் புள்ளி. புள்ளிகள் அடர்ந்த இடங்களுக்கே முன்னுரிமை என்கிறார் தலைமை தாங்கும் பேராசிரியர். வெள்ளையாகக் கிடக்கும் இடங்களில் காப்பாற்ற எதுவும் இல்லையாம். படித்தவர்கள் அத்தனை பேரும் தலையாட்டுகிறார்கள். நானும்தான்.

கோப்பி ஊற்ற வந்தவர் என் பெயர் அட்டையைப் பார்த்துவிட்டுத் தமிழில் கேட்கிறார்.

"தம்பி, உதிலை எங்கட வவுனிக்குளப் பக்கம் ஏன் வெள்ளையாக் கிடக்கு?"

"அங்கை பூச்சி ஒண்டும் பதிவாகேல்லை, அண்ணை."

"என்ன கதை இது? குளம் நிரம்பி வான் பாயேக்கை தும்பி முகத்திலை வந்து மோதும். ஆரும் போய்ப் பாத்தனீங்களோ?"

"இல்லை."

"அப்ப எங்கைதான் பாத்தனீங்கள்?"

நான் மறுபடி திரையைப் பார்க்கிறேன். சிவப்புப் புள்ளிகள் தார் றோட்டை ஒட்டியே ஒரு விடுதியிலிருந்து அடுத்த விடுதிக்குப் போகின்றன. பேராசிரியர் ஒரு விடுதியைச் சுற்றிப் புள்ளிகள் மிக அடர்ந்த இடத்தை வட்டமிட்டு, முதலிடம் இதற்கே என்று அறிவிக்கிறார். மண்டபம் கைதட்டுகிறது.

அந்த வட்டத்துக்குள் இருக்கும் புள்ளிகள் எல்லாம் நான் பதிந்தவை. அந்த விடுதியில் மத்தியானச் சாப்பாடு நன்றாக இருக்கும்.