அப்பா நகர்த்திய படை

அப்பாவும் நானும் பேசாமல் இருந்த நாட்களில் எங்கள் இருவருக்கும் ஒரே படைதான் இருந்தது.

தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் எங்கள் வீடு. பினாங்கில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. சொன்னதும் அப்பா சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தார். "போனா அப்படியே போயிடு. திரும்பி இந்த லயத்துப் பக்கம் வராத." அதோடு பேச்சு நின்றது. அடுத்த வாரமே, தேயிலை ஏற்றிக்கொண்டு பிரிஞ்சாங் வளைவில் இறங்கிய அவருடைய லோரி மழையில் சறுக்கிச் சாய்ந்தது. கால் முறிந்து, கட்டோடு வீட்டில் உட்கார்ந்தார். அந்த நிலையில் விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. வேலையில் சேரும் நாளைத் தள்ளிவைக்கச் சொல்லிக் கேட்டேன். அப்போதும் நாங்கள் பேசவில்லை. எதுவானாலும் அம்மா வழியாகத்தான்.

தானா ராத்தாவில் ஒரு ஹோட்டலில் அதுவரை வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் வந்து லேப்டாப்பைத் திறந்தால், என் படை நான் விட்ட இடத்தில் இல்லை.

லேப்டாப் விளையாட்டு ஒன்றில் மாதக்கணக்கில் வளர்த்த படை. வில்லாளிகள், ஈட்டிக்காரர்கள், ஒரு பூதம், காயம் ஆற்றும் மந்திரக்காரி, குதிரையில் போய் வேவு பார்க்கும் ஒரு பெண். ஒவ்வொருவரையும் கட்டம் கட்டமாக நகர்த்திப் போரிட வேண்டும். அந்த விளையாட்டில் செத்தவர் திரும்ப வரமாட்டார். மந்திரக்காரியைக் காணவில்லை.

"யாரும்மா என் கேமைத் தொட்டது?"

அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா ஜன்னலைப் பார்த்தபடி, "சும்மா உக்காந்தா மண்ட காயுது. எனக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாதுன்னு அவகிட்ட சொல்லு" என்றார்.

"தெரியாம தொடக்கூடாதுன்னு அவர்கிட்ட சொல்லும்மா."

பாஸ்வர்ட் போட்டுப் பூட்டியிருக்கலாம். ஏனோ போடவில்லை. பகலில் அவர் ஆடினார்; வேலை முடிந்து வந்து நான் ஆடினேன். அவர் யாரையும் தனியே விடமாட்டார். எல்லோரையும் ஓரிடத்தில் நெருக்கி நிறுத்துவார். நெருப்புக் கக்கும் நாகம் பறந்து வந்தால் ஒரே மூச்சில் எல்லோரும் கருகுவார்கள். நான் பிரித்து நிறுத்துவேன். மறுநாள் மறுபடி குவிந்து நிற்பார்கள். சத்தமில்லாமல் வீட்டுக்குள் ஒரு சண்டை நடந்துகொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எனக்கு லீவு. மலைக்கு மேலே இடி உருண்டது. பல்பு மங்கி மங்கி எரிந்தது. அப்பா கடைசிக் கோட்டை வாசலில் மாட்டிக்கொண்டிருந்தார். போர் முடியும்வரை சேமிக்க முடியாது. லேப்டாப்பின் பேட்டரியோ எப்போதோ செத்துப்போயிருந்தது. கரண்ட் போனால் எல்லாம் போய்விடும்.

அவர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பாதிப் படை அழிந்திருந்தது. கதவைத் திறக்கும் சக்கரம் கோட்டையின் பின்பக்கம் இருந்தது. அவ்வளவு தூரம் போகக்கூடியவள் குதிரைக்காரி மட்டும்தான்.

"அந்தப் புள்ளைய அனுப்பாத" என்றார். நேராக என்னிடம்.

"வேற வழி இல்லப்பா."

"சுத்தி நிக்கிறானுங்க லா. செத்துடும்."

"இங்கயே நின்னா எல்லாரும் செத்துடுவாங்க."

விளக்கு அணைவதுபோல் போய் வந்தது. அவர் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. பிறகு தானாகவே விட்டது. நான் அவளை அனுப்பினேன்.

எதிரியின் முறை. அம்பு மேல் அம்பாக விழுந்தது. அவளுடைய உயிர்க்கோடு நூலளவுக்குச் சுருங்கி நின்றது. வாசலைத் தாங்கி நின்ற பூதம் சரிந்தது. எங்கள் முறை வந்ததும் அவள் சக்கரத்தைச் சுழற்றினாள். கதவு திறந்தது. மிச்சமிருந்த ஈட்டிக்காரர்கள் உள்ளே புகுந்தார்கள்.

கோட்டை விழுந்தது. ஆட்டம் சேமிக்கப்பட்டது. அன்றைக்குக் கரண்ட் போகவே இல்லை.

லேப்டாப்பை மூடிவைத்துவிட்டு அப்பா கேட்டார். "எப்ப சேரணும்?"

"அடுத்த மாசம் வரேன்னு கேட்டிருக்கேன்."

"அதுக்குள்ள கட்டு பிரிச்சிடுவாங்க. பஸ்ஸுலதான் போவணும்."

"நீங்க எதுக்குப்பா?"

"நீ தங்குற எடத்தப் பாக்க வேணாமா?"

சரி, போ என்று அவர் வாய்விட்டுச் சொல்லவே இல்லை. பூதத்தைச் சாகவிட்டதற்கு மட்டும் அந்த வாரம் முழுக்க என்னைத் திட்டினார், என் முகத்தைப் பார்த்தே.