டேப் வளையமும் ரோசலினின் கோட்டையும்

1. குளிர் ரூம்

எண்பதுகளின் கடைசியில் ஓமலூர் ரோட்டு நூல் மில்லுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதை வைத்த ஏசி ரூமைக் கூட்டித் துடைக்கவும் டேப் எடுத்து மாட்டவும் என்னைப் போட்டார்கள். சித்திரை வெயிலில் சால்வை போர்த்திக்கொண்டு வேலை பார்த்தவள் எங்கள் பக்கத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். மூன்றாம் வகுப்போடு வாத்தியாருக்கு விடுதலை கொடுத்தவள் நான். ஆனாலும் ஒட்டியிருக்கும் கலரைப் பார்த்தே எது எந்த டேப் என்று சொல்லிவிடுவேன்.

டேப் என்றால் தோசைக்கல் அகலத்துக்கு ஒரு சக்கரம். அதன் முதுகில் ஒரு பிளாஸ்டிக் வளையம். வளையம் இருந்தால்தான் மெஷின் அதில் எழுதும். கழற்றிவிட்டால் படிக்க மட்டும் செய்யும்.

ஆபரேட்டர் ரோசலின் சேலத்துப் பெண். பேச்சு திக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மில்லில் அந்த மெஷினோடு சேர்த்திருந்த ஐந்து டெர்மினல் திரைகளிலும் எல்லோரும் சேர்ந்து ஒரே விளையாட்டை ஆடுவார்கள். குகை, பேய், கோட்டை எல்லாம் உண்டு. படம் கிடையாது, எழுத்துதான். கோட்டைக்குத் தலைவி ரோசலின். அவள் கீபோர்டில் தட்டினால் ஆபீஸே கேட்கும். வாய் திறந்தால் மட்டும், பாதியிலேயே மற்றவர்கள் முடித்துவைத்துவிடுவார்கள்.

2. ரீசெட்

விளையாட்டால் மெஷின் மெதுவாக ஓடுகிறது, அதைச் சனிக்கிழமை அழித்துவிட வேண்டும் என்று மேனேஜர் உத்தரவு போட்டார். வெள்ளிக்கிழமையே ரோசலின் ஒரு பழைய டேப்பில் அதை பேக்கப் எடுத்து, சிவப்புக் காகிதம் ஒட்டி, எனக்கு மட்டும் காட்டி அலமாரியில் வைத்தாள்.

சனிக்கிழமை காலையில் மெஷினில் இருந்ததை அழித்தாயிற்று. அடுத்து நூல் ஸ்டாக் கணக்கை டேப்பில் பேக்கப் எடுக்க வேண்டும். மேனேஜர் அலமாரியில் கையை விட்டு அந்தச் சிவப்பு டேப்பையே எடுத்தார்.

"பாவாயி, இதை மாட்டு. பழசுதான், அதுமேலயே எழுதிக்கலாம்."

"சா... சா..." என்றாள் ரோசலின்.

"சாப்பிடப் போறயா? போ, போ."

நான் திரும்பி நின்று வளையத்தைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு டேப்பை மாட்டினேன். மெஷின் எழுத மாட்டேன் என்றது.

"வளையம் எங்கம்மா?"

"எலி இழுத்துட்டுப் போயிருக்குமுங்க சார்."

"ஏசி ரூம்ல எலியா?"

"அதுக்கும் வேர்க்குமில்லீங்க."

அவர் கண் என் கையில் விழுந்தது. கண்ணாடி வளையல்களுக்கு நடுவே அது மட்டும் தடியாகத் தெரிந்தது.

"மெஷின் சாமானைத் திருடறயா? திங்கக்கிழமையிலிருந்து வராதே."

ரோசலின் எழுந்தாள். "சார்..."

"நீ உக்காரு, நான் பாத்து..."

"இ... இல்லீங்க சார். நா... நானே மு... முடிக்கறேன்."

முடித்தாள். அவள் சொன்னது இது: அந்த டேப்பில் விளையாட்டு இருக்கிறது, எடுத்தது நான், அக்கா எனக்காகத்தான் கழற்றினார்கள், அனுப்புவதானால் என்னை அனுப்புங்கள். இதைச் சொல்ல வெகு நேரம் பிடித்தது. யாரும் குறுக்கே ஒரு சொல் போடவில்லை.

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வேற டேப் மாட்டு, பாவாயி. இது இருக்கட்டும். சனிக்கிழமை வேலை முடிஞ்சு ஒரு மணி நேரம் ஏத்தி ஆடிக்கோங்க. முதல்ல அந்த வளையலைக் கழட்டு."

"ஏனுங்க சார், எனக்கு எடுப்பா இல்லீங்களா?"

அடுத்த சனிக்கிழமை டேப்பை ஏற்றினார்கள். கோட்டை அப்படியே இருந்தது. எனக்குப் படிக்கத் தெரியாதென்று, யார் எங்கே நிற்கிறார்கள் என ரோசலின் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துச் சொன்னாள். எனக்கு ஒரு அவசரமும் இல்லை.

இன்று கம்ப்யூட்டர் வேலைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எதையும் அழிக்கும் முன் இது யாருடையது என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் முழுதாக வரும்வரை நில்லுங்கள்.