முப்பத்துமூன்றாவது அதிரசம்

காலை 6.50. பொள்ளாச்சியிலிருந்து மறையூர் பஸ் கிளம்பியது. 1974 ஆவணி, அமாவாசை. கட்டணம் மூன்று ரூபாய் முப்பது பைசா. அந்தக் காசுக்கு ஜன்னல் கண்ணாடியெல்லாம் எதிர்பார்க்கக் கூடாது போலிருக்கிறது. பக்கத்தில் எருத்தேன்பதி விவசாயி ரங்கப்பன். வீட்டில் கன்னடம், வெளியில் கொங்குத் தமிழ். மடியில் வெண்கலத் தூக்கு.

"இன்னியோட அதிக மாசம் முடியுதுங்க," என்றார். சூரியன் ராசி மாறாமலே கழிந்துபோகும் சந்திர மாதம் அது. ஏறக்குறைய மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வரும். கல்யாணம், புதுமனை எதுவும் கிடையாது. "எந்தச் சாமியும் வேண்டாம்னு தள்ளுன மாசமுங்க. பெருமாள்தான் தம்பேரைக் குடுத்து எடுத்துக்கிட்டாரு." அதனால் அவர்கள் குடும்பத்தில் இந்த மாதம் மருமகனைப் பெருமாளாகப் பாவித்து முப்பத்துமூன்று அதிரசம் கொடுப்பார்கள்.

இவர் மருமகன் மறையூருக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் சூப்பர்வைசர். போன தீபாவளியில் வாய்ச்சண்டை. அதிலிருந்து மகளையும் அனுப்புவதில்லை. "இன்னிக்கு வர்றேன்னு கடுதாசி போட்டேன், பதில் இல்லீங்க. இன்னிக்கு வாங்காமப் போனா இன்னும் மூணு வருசமுங்க. அதுவரைக்கும் எம்புள்ள மொகத்தைப் பாக்க முடியாது."

8.50. சின்னாறு, உடுமலையிலிருந்து 28 கிலோமீட்டர். கேரள எல்லைச் சோதனைக்காக பஸ் நின்றது. தூக்கைத் திறந்து காட்டினார். நெய்யும் வெல்லமும் மணந்தன. நானோ காலையிலிருந்து பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பக்கத்தில் ஆள் இருக்க, திறந்த பாத்திரத்தை நீட்டாமல் மூட அந்த ஊர்க்காரர்களுக்குக் கை வராது. "ஒண்ணு எடுத்துக்குங்க," என்றார். எடுத்தேன். பாதி கடித்த பிறகுதான் அவர் முகம் செத்துப்போனது.

"எண்ணி வெச்சதுங்க அது."

எனக்கு வெட்கமாகிவிட்டது. எச்சிலைத் திருப்பி வைக்க முடியுமா? விழுங்கினேன்.

9.45. மறையூர். மருமகன் வந்திருந்தார். சிரிப்பில்லை. தூக்கை வாங்கி நின்ற இடத்திலேயே எண்ணினார்.

"ஒண்ணு கொறையுதுங்களே, மாமா."

"அது என் வயிற்றில் இருக்கிறது," என்றேன்.

மருமகன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப நீங்களும் வாங்க. முப்பத்துமூணும் ஊட்டுக்கு வந்து சேரோணும். மாமா, ஏறுங்க ஜீப்புல."

எங்கள் வீட்டில் அதிக மாதத்தை ஆகாத மாதம், மல மாதம் என்று பஞ்சாங்கத்தோடு மூடி வைத்துவிடுவோம். அன்று மதியம் ரங்கப்பனின் மகள் அப்பாவுக்கு முதல் இலை போட்டாள், எனக்கு அடுத்தது. எல்லோர் இலையிலும் அதிரசம் விழுந்தது, என் இலையைத் தவிர. என் பங்குதான் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டதாமே.